குப்பைக் கூடையிலிருந்து வண்டி எரிவாயு



அழுகிய தக்காளி, முளைவிட்ட வெங்காயம், புழுத்த பருப்பு, இவையெல்லாம் நம் கணக்கில் நட்டம். ஆனால் இதே சரக்கு பஸ்ஸையும் லாரியையும் ஓட்டுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

மக்கும் கழிவைக் காற்றுப் புகாத தொட்டியில் அடைத்தால் நுண்ணுயிர்கள் அதைச் செரித்து எரிவாயுவாக்குகின்றன. இதில் எரியக்கூடிய மீத்தேன் நூற்றுக்கு 50 முதல் 65 பங்குதான். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. அது எரியாது, இடத்தை அடைக்கும். சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடும் ஈரமும் உண்டு. இவை சேர்ந்தால் இரும்பை அரிக்கும். அடுப்பில் எரிக்கலாம், வண்டி எஞ்சினுக்கு ஆகாது. கல் கலந்த பருப்பை விற்க முடியுமா? சலித்துத்தான் ஆகவேண்டும்.

ஒரு வழி, அழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் கழுவுவது. கரியமில வாயு தண்ணீரில் கரைந்துவிடும். மீத்தேன் அவ்வளவாகக் கரையாது. மெல்லிய சவ்வு வழியே பிரிப்பது இன்னொரு வழி. மீத்தேன் 90 பங்குக்கு மேல் உயர்ந்ததும், காற்றழுத்தத்தைப்போல் 200 மடங்குக்கும் மேல் அமுக்கி சிலிண்டரில் நிரப்புகிறார்கள். சி.என்.ஜி. வண்டிகள் எந்த மாற்றமும் இல்லாமல் இதில் ஓடும்.

அடுத்தது விநியோகம். சமையல் காஸ் சிறிது அமுக்கினாலே திரவமாகிவிடும், மீத்தேன் ஆகாது. ஆகவே கனத்த சிலிண்டர்கள் தேவை. சரக்கைவிடச் சாக்கு கனமானால் லாரி வாடகை என்னாகும்? தூரம் போகப் போக லாபம் கரையும். பக்கத்துப் பங்க்கில் விற்பதே மேல். 2018 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘சதத்’ திட்டம், எண்ணெய் நிறுவனங்கள் இந்த வாயுவைக் கொள்முதல் செய்ய வழி வகுத்தது.

மத்தியப் பிரதேசத்து இந்தூரில் 2022 பிப்ரவரியில் ஓர் ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவிலிருந்து 17,000 கிலோ வாயுவும் 100 டன் உரமும் எடுப்பதே அதன் திட்ட அளவு. வகுத்துப் பாருங்கள்: ஒரு டன் கழிவுக்குச் சுமார் 31 கிலோ வாயு, 180 கிலோ உரம்! அந்த வாயுவில் ஒரு பகுதி நகரப் பஸ்களுக்கெனத் திட்டமிடப்பட்டது.

அங்கு இது கைகூடக் காரணம், வீட்டிலும் கடையிலும் குப்பையைப் பிரித்தே வாங்கியதுதான். பிளாஸ்டிக் செரிக்காது. சணலும் நைலான் கயிறும் கலக்கும் இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளும், பம்பு அடைத்துக்கொள்ளும். ஒரு கூடை கலப்படத்தால் ஒரு தொட்டி வேலையே நின்றுபோகும்.

ஒளிக்காமல் சொல்கிறேன். என் மண்டியிலும் பல வருடங்களாக அழுகல் வெங்காயமும் கிழிந்த சாக்கும் ஒரே கூடையில்தான் போயின. கலப்படச் சரக்கு வந்தால் திருப்பி அனுப்பும் நானே, கலப்படக் குப்பையை அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு கூடை வைத்திருக்கிறேன். கூடுதல் செலவு ஒரு கூடையின் விலைதான்.

நம் ஊரில் ஆலை இன்று இல்லாமலிருக்கலாம். நாளை ஆலை வைக்க ஒருவர் முன்வந்தால் அவர் முதலில் கேட்பது, ‘சுத்தமான சரக்கு தினமும் எத்தனை டன் கிடைக்கும்?’ என்பதுதான். கடைவீதி முழுவதும் பிரித்துக் கொடுத்தால் அதற்குப் பதில் நம்மிடம் இருக்கும். இன்றே இரண்டாவது கூடையை வையுங்கள்.