விழும் சுவருக்கு விடை சொல்வது யார்?

புதுவீடு கட்டுகிறவர் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எவரேனும் தவறி விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி அவ்வீட்டைச் சாரும் என்று திருவிவிலியத்தில் இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. சொந்தப் பணத்தில் சொந்த மனையில் கட்டிய வீடே ஆனாலும், அதனால் பிறருக்கு நேரும் தீங்குக்கு உடையவரே பொறுப்பு என்னும் எண்ணம் எத்துணைப் பழமையானது என்பதை இதிலிருந்து அறிகிறோம். அந்தப் பொறுப்பை நகரங்கள் எவ்வாறு நிலைநாட்டுகின்றன என்பதே இக்கட்டுரையில் நாம் காணப்போவது.

நம் மேட்டுப்பாளையத்தைத் தொழிற்பேட்டையால் பலரும் அறிவர். இதே பெயருடைய ஊர் ஒன்று கோவை மாவட்டத்தில் நீலகிரி மலையடிவாரத்தில் உள்ளது. பெயரொற்றுமையாலேயே அவ்வூர்ச் செய்தி ஒன்றை நாம் ஊன்றிப் படிக்க நேர்ந்தது. அங்கே நடூர் என்னும் பகுதியில், 2019 டிசம்பர் 2 அன்று பொழுது விடியும் முன்னே, இரவெல்லாம் பெய்த மழையில் ஊறி நின்ற உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் ஒன்று சரிந்து, அதை ஒட்டியிருந்த சிறு வீடுகளின்மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, இறந்தனர். இறந்தவர்கள் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஏழைகள். சுவரைக் குறித்து முன்பே முறையிட்டிருந்ததாக அங்கிருந்தோர் கூறினர். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே சிலர் அழைத்தனர். சுவருக்கு உரியவர் மறுநாள் கைது செய்யப்பட்டார்.

கைது நடந்தது, வழக்கும் வந்தது. ஆனால் பதினேழு பேர் போன பிறகு வந்தது. இறப்புக்குப் பின் பிடிக்கும் சட்டம் நம்மிடம் குறைவாக இல்லை. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு 2 ஆண்டு வரை சிறை விதித்தது; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அதை 5 ஆண்டாக உயர்த்தியிருக்கிறது. புதுச்சேரிக்கு இன்னொரு மரபும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் 1819-இல் இங்கு நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத் தொகுப்பில் 1386-ஆம் பிரிவு, பராமரிப்புக் குறையாலோ கட்டுமானக் குறையாலோ கட்டடம் இடிந்து பிறருக்குச் சேதம் நேர்ந்தால் உரிமையாளரே ஈடு செய்ய வேண்டும் என்றது. சுவர் பழுதானது எனக்குத் தெரியாதே என்று அவர் கைவிரிக்க முடியாது. நல்ல சட்டந்தான். ஆயினும் இதுவும் சுவர் விழுந்த பிறகே வாய் திறக்கிறது.

விழுவதற்கு முன் கேட்பது நகராட்சியின் வேலை. 1973-ஆம் ஆண்டின் புதுச்சேரி நகராட்சிகள் சட்டம் போன்ற உள்ளாட்சிச் சட்டங்களின் போக்கு இதுதான்: ஆபத்தான கட்டடம் என்று கண்டால், உரிமையாளருக்கோ குடியிருப்பவருக்கோ அறிவிப்பு அனுப்பி, அதைப் பழுதுபார்க்கவோ, முட்டுக் கொடுக்கவோ, வேலியிட்டு அடைக்கவோ, இடிக்கவோ சொல்லலாம். அவர் செய்யாவிட்டால் நகராட்சியே ஆளை வைத்துச் செய்துவிட்டு, செலவை வரிப்பாக்கியைப் போல் அவரிடமே வசூலிக்கலாம். இந்தக் கடைசி அதிகாரமே கூர்மையானது. அதுவே அரிதாகப் பயன்படுவது.

ஏன் அரிது? புதுச்சேரியின் பழைய தெருக்களில் நடந்தால் விடை கிடைக்கும். திண்ணை வைத்த பழைய வீடு. பறவை எச்சத்தில் வந்த விதையால் சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்து, அதன் வேர் சுண்ணாம்புக் காரையைப் பிளந்திருக்கும். வீடு யாருடையது என்று கேட்டால் தாத்தா பெயரில் இருக்கிறது என்பார்கள். தாத்தாவுக்குப் பிள்ளைகள் ஐவர், பேரப்பிள்ளைகள் பதினெட்டுப் பேர்; சிலர் சென்னையில், சிலர் பிரான்சில். பாகப்பிரிவினை வழக்கு முடியவில்லை. அறிவிப்பு யாருக்குப் போகும்? கதவில் ஒட்டிவிட்டு வருவார்கள். மழை அதை நனைத்துக் கிழித்துவிடும். ஓட்டைவிழுந்த கூரையின்கீழ் பழைய வாடகைக்கே இருந்துவரும் குடும்பமும் உண்டு. பழுது பார்க்க வாடகை போதாது என்பார் உரிமையாளர். பழுது பார்க்காத வீட்டுக்கு வாடகையை எப்படி உயர்த்துவது என்பார் குடியிருப்பவர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதற்குள் கூரை இறங்கிக்கொண்டே வரும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் இந்த முடிச்சை அவிழ்க்க 2008-இல் ஒரு வழி கண்டது. கைவிடப்பட்ட கட்டடத்தைக் குறித்து அருகில் வசிப்போரே நீதிமன்றம் செல்லலாம். நீதிமன்றம் ஒரு பொறுப்பாளரை நியமித்து வீட்டைச் சீராக்கச் சொல்லும். ஏழை உரிமையாளரின் வீட்டை வசதி படைத்தவர் தட்டிப் பறிக்கவும் இது இடம் தரக்கூடும் என்பது நம் ஐயம்.

உரிமையாளர் தனிமனிதராக இல்லாமல் அரசாகவே இருந்தால்? கடற்கரைச் சாலையில் 1870-களில் எழுந்த மேரி கட்டடம் நகராட்சியின் இல்லமாகவே விளங்கியது. பிறர் சுவர்களுக்கு அறிவிப்பு அனுப்பும் உரிமை பெற்ற நகராட்சியின் அந்தக் கட்டடம், நெடுங்காலம் சிதைந்து நின்று, 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. உலக வங்கி உதவியுடன் பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. பணமில்லை என்று ஒரு நகராட்சி சொல்லித் தப்ப முடியுமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1980-லேயே விடை தந்துவிட்டது. மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகரில், சாக்கடை நாற்றம் தாளாத குடிமக்கள் நடுவரிடம் முறையிட்டனர். நிதியில்லை என்று நகராட்சி வாதிட்டது. நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை.

ரத்லம் மக்கள் பிடித்த சட்டப்பிரிவு நமக்கும் உரியது. அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆம் பிரிவாக இருந்தது, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவாக இருக்கிறது. பக்கத்தில் வாழ்வோர்மீதும் வழியே செல்வோர்மீதும் விழக்கூடிய கட்டடத்தையோ மரத்தையோ அகற்றவும், பழுதுபார்க்கவும், முட்டுக் கொடுக்கவும் உரியவருக்கு உத்தரவிட நிர்வாக நடுவருக்கு அதிகாரம் உண்டு. யாரும் விழுந்து சாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மேட்டுப்பாளையம் உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. ஆகவே இங்குள்ளோர் மனுவை அந்நகராட்சியின் ஆணையருக்கு எழுத வேண்டும். தெருப் பெயர், கதவிலக்க எண், சுவரின் எப்பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வழியே யார் யார் போகிறார்கள் என்பவற்றைத் தெளிவாகக் குறித்து, ஒரு புகைப்படத்தையும் இணைக்கலாம். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற மறக்கக் கூடாது. நாளை முன்பே சொன்னோம் என்று காட்ட அதுவே சான்று. பெற்றோர் கையெழுத்திட, எழுத்து வேலையை மாணவியரே செய்யலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுவது நல்லது.