ஹிபாவும் ஒரு வரி நிபந்தனையும்



வல்லம் வடகால் போன்று சிப்காட் தொழிற்பூங்கா வந்த ஊர்களில் நிலத்தின் விலை ஏறுகிறது. “கடைசிவரை நான் பார்த்துக்கொள்கிறேன், கைநாட்டு வையுங்கள்” என்று சொந்தப் பிள்ளை கேட்டால் வயதான தாய் தகப்பன் மறுப்பதில்லை. பிறகு சோறு நின்றுவிட்டால்?

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இதற்கு வழி செய்திருக்கிறது. 60 வயது நிறைந்தவர், தம்மைப் பராமரிக்க வேண்டுமென்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, பெற்றவர் தவறினால், அது மோசடியால் நடந்த மாற்றமாகவே கருதப்படும் என்கிறது 23-ஆம் பிரிவு. கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதை ரத்துச் செய்யலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்ய வேண்டும்.

நாம் கவனிக்க வேண்டியது இதுதான். ஹிபாவை வாய்மொழியாகவே செய்யலாம். கொடுப்பதாகச் சொல்லுதல், ஏற்றல், கைவசம் ஒப்படைத்தல் இம்மூன்றும் போதும். ஆனால் எழுதாத நிபந்தனையை எப்படி நிரூபிப்பது? நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் ஒரு தாயின் தானத்தை அதே நீதிமன்றம் ரத்துச் செய்தது. அங்கே, பராமரிப்பதாக மகன் எழுதித் தந்த உறுதிமொழி இருந்தது.

கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் அல்பகரா 282-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. கடனுக்கே எழுத்து வேண்டுமென்றால், குடியிருக்கும் வீட்டுக்கு வேண்டாமா?

ஆகவே பெரியவர்களே! பத்திரத்தை முழுவதும் வாசிக்கக் கேட்ட பிறகே விரல் பதியுங்கள். பராமரிப்பு நிபந்தனையை அதிலேயே எழுதச் சொல்லுங்கள். நல்ல பிள்ளை அதற்கு வருந்த மாட்டான்.