ஓர் உயிரணு, ஒரு பாத்தி: மரபணுத் திருத்த ஆய்வில் கணிப்பொறிக் கணக்கு

2025 மே மாதம் 'கமலா' என்னும் டி.ஆர்.ஆர். தான் 100 நெல்லை மத்திய அரசு அறிவித்தது. இது சம்பா மசூரி இரகத்தில் ஒரு மரபணுவைத் திருத்திப் பெறப்பட்டது. கதிரில் மணிகள் பெருகுவதற்காக அத்திருத்தம் செய்யப்பட்டது. நெல்லில் பல்லாயிரம் மரபணுக்கள் உள்ளனவே, எதைத் தொடுவது என்று எவ்வாறு கண்டார்கள் என உழவர் பெருமக்கள் கேட்பது நியாயமே.

அந்த மரபணுவின் பங்கை ஜப்பானிய விஞ்ஞானிகள் நெல் இரகங்களைக் கலந்து, பல தலைமுறைகள் ஆய்ந்து, 2005-இல் வெளியிட்டனர். ஒவ்வொரு மரபணுவுக்கும் இப்படிக் காத்திருக்க இயலாது. ஆகவே 2016 முதல் ஆய்வுக்கூடங்களில் வேறொரு முறை வளர்ந்து வருகிறது. மனித, விலங்கு உயிரணுக்களிலேயே இது பெரிதும் கையாளப்படுகிறது.

இம்முறையில் ஒவ்வோர் உயிரணுவும் ஒரு பாத்தி. 'கிரிஸ்பர்' என்னும் மரபணுக் கத்தரிக்கோலை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மரபணுவின்மேல் ஏவுகிறார்கள். சிலவற்றில் எந்த மரபணுவையும் தொடாத போலி வழிகாட்டியை இடுகிறார்கள். நம் உர ஆய்வில் உரமிடாத பாத்தி போன்றது அது. பிறகு ஒவ்வோர் உயிரணுவிலும் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று எண்ணப்படுகிறது. 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 25 இலட்சத்திற்கும் மேற்பட்ட மனித உயிரணுக்கள் எண்ணப்பட்டன. இதைக் கையால் கணக்கிட முடியுமா? கணிப்பொறிதான் வேண்டும்.

களையெடுப்பு

முதல் வேலை களையெடுப்பு. இறந்த உயிரணுக்களையும், இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாக எண்ணப்பட்டவற்றையும் நீக்கவேண்டும். ஓர் உயிரணுவில் அதிகமாகவும் மற்றொன்றில் குறைவாகவும் எண்ணப்பட்டிருக்கும். தானிய எடையை ஒரே ஈரப்பதத்திற்குக் கொணர்ந்து ஒப்பிடுவது போல இவற்றையும் சமப்படுத்தவேண்டும்.

அடுத்து, கத்தரிக்கோல் புகுந்தும் வெட்டாத உயிரணுக்கள் உண்டு. விதைத்தும் முளைக்காத குழிகளைப் போன்றவை அவை. அவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், நல்ல மரபணுவும் பயனற்றதாகத் தோன்றும். போலி வழிகாட்டி பெற்றவற்றோடு ஒப்பிட்டு, மாறாதவற்றைத் தனியே பிரிக்கும் கணக்குமுறை 2021-இல் வெளியாயிற்று.

ஏமாறும் இடம்

இனிதான் கவனம் வேண்டும். ஒரே பாத்தியில் 500 குத்துகளை அளந்துவிட்டு, 500 பாத்திகளில் ஆய்வு செய்தேன் என்று ஒருவர் சொன்னால் ஒப்புவோமா? அந்தப் பாத்தி வாய்க்காலை ஒட்டி இருந்தால் எல்லாக் குத்துகளும் சேர்ந்தே செழித்திருக்கும். ஒரே தட்டில் வளர்ந்த ஆயிரம் உயிரணுக்களும் அப்படியே. அவற்றை ஆயிரம் சான்றாக எடுத்துக்கொண்டால் இல்லாத வேறுபாடும் இருப்பதாகத் தெரியும். படித்தவர்களே செய்யும் பிழை இது. வேறு நாளில், வேறு தட்டில் ஆய்வைத் திரும்பச் செய்து, தட்டுவாரியாகத் தொகுத்து ஒப்பிடுவதே முறை.

மற்றொரு கண்ணி எண்ணிக்கையில் உள்ளது. நூற்றுக்கு ஐந்து தவற்றை அனுமதித்து 20,000 மரபணுக்களைச் சோதித்தால், உண்மையில் எதுவுமே மாறாதபோதும் சுமார் 1,000 மரபணுக்கள் மாறியதாகக் காட்டும். 1995-இல் வந்த ஒரு திருத்தமுறை, தேர்ந்தவற்றுள் பொய்யானவற்றின் விகிதத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. இக்கணக்குகளின் வேர் வயலில்தான் உள்ளது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்திற்கு 1919-இல் வந்த பிஷர், பயிர் ஆய்வுகளுக்காகவே இவற்றுள் பலவற்றை வகுத்தார்.

பயிர்களில் இன்னும் தடை உண்டு. செடி உயிரணுவைச் சுற்றிச் சுவர் இருப்பதால் நொதி கொண்டு அதைக் கரைக்கவேண்டும். கரைப்பதாலேயே பல மரபணுக்கள் கிளர்ந்துவிடுகின்றன. எனவே சுவர் கரைத்ததால் மாறியவை எவை என்று தனி ஆய்வில் கண்டு, அவற்றைக் கணக்கிலிருந்து விலக்குகிறார்கள். இவ்வாறு தேறிய மரபணுவையும் பின்னர் முழுச் செடியில் திருத்தி, விதையெடுத்து, பல இடங்களில் பாத்தி கட்டிப் பார்க்கவேண்டும்.