கரண்ட் இல்லாமல் ஓடும் பம்பு: ஒன்பதாம் வகுப்பில் ஒரு செயல்பாடு

ஒன்பதாம் வகுப்பில் ‘பாய்மங்கள்’ பாடம் வரும்போதெல்லாம் உறிஞ்சுகுழல், மை நிரப்பி, ஊசிக்குழல் என்று அதே எடுத்துக்காட்டுகளைத்தான் சொல்லி வந்தேன். சென்ற ஆண்டு மாறுதலுக்காக என் தம்பி வீட்டுப் பம்பைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போது ஒரு தவறும் செய்தேன். அந்தத் தவறுதான் எங்களை இரண்டு வாரம் வேலை வாங்கியது.

தம்பி அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறான். அங்கே பல வீடுகளுக்கு அடியில் நிலவறை உண்டு. மழை பெய்தாலும் பனி உருகினாலும் மண்ணில் ஊறும் நீர் அதற்குள் கசியும். அது சேர்வதற்கு ஒரு மூலையில் குழி தோண்டி, பம்பு வைத்து வெளியேற்றுகிறார்கள். அந்தக் குழிக்குப் பெயர் சம்ப். நமக்குச் சம்ப் என்றால் குடிநீர் பிடித்து வைக்கும் தொட்டி. அவர்களுக்கு வேண்டாத நீர் சேரும் பள்ளம். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்.

2012 அக்டோபரில் சாண்டி புயல் வந்தபோது மின்சாரம் போனது. பம்பு நின்றது. நிலவறையில் முழங்கால் அளவு தண்ணீர். பிறகு அவன் மாற்று ஏற்பாடாக இன்னொரு பம்பைப் பொருத்தினான். “அக்கா, இதுக்குக் கரண்டே வேண்டாம். குழாய்த் தண்ணியிலேயே ஓடும்” என்று வீடியோவில் காட்டினான்.

அதன் அமைப்பு எளிது. குழியில் நீர் உயர்ந்தால் மிதவை மேலே வந்து ஒரு வால்வைத் திறக்கும். ஊர்க் குடிநீர்க் குழாயின் நீர் குறுகிய நாசில் வழியாக வேகமாகப் பீறிடும். அந்தத் தாரை தன்னைச் சுற்றியுள்ள நீரையும் இழுத்துக்கொண்டு ஓடுவதால் அவ்விடத்தில் அழுத்தம் குறையும். வளிமண்டல அழுத்தம் குழிநீரை அங்கே மேலேற்றும். இரண்டு நீரும் கலந்து வீட்டுக்கு வெளியே போய்விடும். சுழலும் பாகம் எதுவும் இல்லை.

இதை விளக்கிவிட்டு, “இதற்கு ஆற்றலே தேவையில்லை” என்று முடித்தேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு பையன் கேட்டான்: “அப்போ வெளிய வர்ற தண்ணியையே திரும்ப உள்ள விட்டா பம்பு ஓடிக்கிட்டே இருக்குமா டீச்சர்?” மின்சாரம் தேவையில்லை என்பதற்குப் பதிலாக ஆற்றல் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறேன். அவன் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. “நாளைக்குப் பார்ப்போம்” என்று சமாளித்தேன்.

மறுநாள் கணக்கில் இறங்கினோம். இவ்வகைப் பம்புக்குப் பொதுவாக 40 பிஎஸ்ஐ அளவிலாவது குழாய் அழுத்தம் தேவை. பிஎஸ்ஐ என்றதும் யாருக்கும் புரியவில்லை. பஞ்சர் கடையில் பைக் டயருக்கு முப்பது வைப்பார்களே, அந்த முப்பது இதுதான் என்றதும் முகம் தெளிந்தது. 40 பிஎஸ்ஐ சுமார் 28 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்றால் ஒன்பது மாடிக்கு மேல் தொட்டி கட்ட வேண்டும். எங்கள் பள்ளித் தொட்டி தரையிலிருந்து 7 மீட்டர். கிடைப்பது 10 பிஎஸ்ஐ. நம் வீடுகளில் இந்தப் பம்பு ஏன் விற்பனைக்கு வரவில்லை என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்.

அந்த அழுத்தத்தைத் தருவது நகரின் நீரேற்று நிலையமும் உயர்நிலைத் தொட்டியும். எங்கோ ஒரு மோட்டார் ஏற்கெனவே உழைத்திருக்கிறது. சொந்தக் கிணற்றில் மோட்டார் போட்டிருக்கும் வீட்டுக்கு இந்தப் பம்பு உதவாது. மின்சாரம் போனால் குழாயும் நின்றுவிடும்.

பிறகு மாதிரி செய்தோம். முதல் மாடியில் அடியில் குழாய் உள்ள 20 லிட்டர் கேன். அதிலிருந்து ஹோஸ் கீழே இறங்கும். தாழ்வாரத்துப் பெஞ்சில் அரை அங்குல பிவிசி ‘டீ’. அதன் ஒரு முனைக்குள் பால்பாயிண்ட் பேனாவின் கூம்புப் பகுதியைச் செருகி, பக்கத்துளையைச் சற்றுத் தாண்டி நீட்டினோம். அதுதான் நாசில். பக்கத்துளையில் மாட்டிய குழாய் 30 செ.மீ. கீழே மைநீர் வாளியில் மூழ்கியிருந்தது. முதல் நாள் மை ஏறவே இல்லை. வெளியேறும் குழாய் அகலமாக இருந்ததால் தாரை அதை நிரப்பாமல் நடுவே ஓடிவிட்டது. காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. கொத்தனார் பயன்படுத்தும் லெவல் டியூப்பை ஒரு முழம் வெட்டி மாட்டினோம். நீலம் மெதுவாக ஏறியது. அப்போது எழுந்த கூச்சலுக்குப் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்தது.

அளந்தோம். 3 லிட்டர் நீர் 3.5 மீட்டர் இறங்கியதற்கு ஈடாக முக்கால் லிட்டர் மைநீர் 30 செ.மீ. ஏறியிருந்தது. ஒரு லிட்டர் நீரின் நிறை 1 கிலோ என்பதால் mgh போடுவது எளிது: செலவு சுமார் 103 ஜூல், பயன் 2.2 ஜூல். நூற்றுக்கு இரண்டு. கடையில் விற்கும் நல்ல பம்பு 1 லிட்டர் குழாய்நீருக்குச் சுமார் 2 லிட்டர் குழிநீரை ஏற்றும். 3 மீட்டர் ஏற்றுவதாக வைத்துக்கொண்டால் அதுவும் நூற்றுக்கு இருபது சொச்சம்தான். மீதி, இரு நீரும் கலக்கும் சுழலிலும் உராய்விலும் போகிறது. கேள்வி கேட்ட பையனே இந்தக் கணக்கைப் பலகையில் போட்டான். திரும்ப உள்ளே விடும் யோசனையை அவனாகவே கைவிட்டான்.

“எங்க வீட்டு போர்ல ஜெட் மோட்டாருக்கு ரெண்டு பைப்பு இறங்குதே, அது இதுதானா டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அதுவேதான். ஒரு குழாயில் அழுத்தத்தோடு இறங்கும் நீர் அடியில் நாசில் வழியாகப் பாய்ந்து, கிணற்று நீரையும் சேர்த்துக்கொண்டு மற்றதில் ஏறுகிறது. பேர்னௌலி தேற்றம் பதினோராம் வகுப்பில்தான் வருகிறது. ஆனால் அதன் வேலையைப் பிள்ளைகள் தினமும் வீட்டில் பார்க்கிறார்கள்.

மூன்றாம் நாள் நான் திட்டமிடாத ஒன்று நடந்தது. நீர் நிரப்புவதற்காக ஒரு மாணவன் கேனை ஹோஸோடு கீழே இறக்கித் தரையில் வைத்தான். வெளியேறும் குழாயின் முனை, பெஞ்சின் மேலிருந்த வாளியின் மைநீரில் மூழ்கிக் கிடந்தது. சற்று நேரத்தில் கேனின் அடியிலிருந்து நீலம் புகைபோல மேலே எழுந்தது. அழுத்தம் தரும் பக்கம் தாழ்ந்ததும் அழுக்கு நீர் நல்ல நீருக்குள் திரும்பிவிட்டது.

இந்த ஆபத்துக்காகத்தான் தம்பி வீட்டில் பின்னோட்டத் தடுப்பான் பொருத்தாமல் குடிநீர்க் குழாயில் பம்பை இணைக்க அனுமதி கிடைக்கவில்லை. பல ஊர்களில் அதை ஆண்டுதோறும் சோதிக்கவும் வேண்டும். பம்பைப் பற்றிப் பேசும்போது இந்தப் பகுதியை நான் சொல்லாமலே விட்டிருந்தேன்.

அந்த நீலக் கேனைப் பார்த்துக்கொண்டே ஒரு மாணவி சொன்னாள்: “எங்க தெருவுல பஞ்சாயத்துக் குழாயிலேயே மோட்டார் வச்சு இழுக்குறாங்க டீச்சர். எங்க வீட்டுலயும்தான்.” மோட்டார் இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. குழாயில் எங்காவது விரிசல் இருந்து பக்கத்தில் சாக்கடை ஓடினால் அது உள்ளே வரும். தெரு முழுவதும் அந்த நீரைத்தான் குடிக்கிறது. அவளிடம் அப்பாவைக் குறை சொல்லும்படி நான் எதுவும் பேசவில்லை. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகளே அதே கேனையும் மையையும் வைத்துச் செய்து காட்டினார்கள். இரண்டு பெற்றோர் கூட்டம் முடிந்தும் நின்று விசாரித்தார்கள். எத்தனை மோட்டார் கழற்றப்பட்டது என்று நான் கேட்கவில்லை.

எங்கள் பள்ளிக் குழாய்களையும் சுற்றிப் பார்த்தோம். சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் ஒரு ஹோஸ் மூழ்கித் தொங்கியது. குழாய் விட்டத்தைப் போல இரு மடங்கு இடைவெளியாவது தொட்டி விளிம்புக்கு மேல் இருக்க வேண்டும். சமையலர் அக்காவிடம் கேட்டுக்கொண்டு, ஒரு சாண் வெட்டிவிட்டோம்.