ஆடுகளமும் ஊர்மனமும்

முன்னுரை

விளையாட்டுப் பெருவிழா ஒன்று ஒரு நகருக்கு வருங்கால், அங்கு வாழும் மக்கள் என்ன எண்ணுகின்றனர்? பதக்கப் பட்டியலில் இவ்வினாவிற்கு விடை இராது. வீரர்கள் தத்தம் நாடு திரும்பிய பின்னரும் அவ்வூரிலேயே வாழ்வோர் குடிமக்களே. ஆதலின் அவர்தம் உள்ளக் கிடக்கையை ஈண்டு ஆராய்வோம். சென்னை கண்ட இரு நிகழ்ச்சிகளைச் சான்றாகக் கொள்வோம்.

பெருமிதம்

44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை நடைபெற்றது. தொடக்க விழா சென்னையிலும், ஆட்டங்கள் மாமல்லபுரத்திலும் நிகழ்ந்தன. உருசியாவில் நடைபெறவிருந்த இப்போட்டி உக்ரைன் போரினால் இடம் மாறி நம்மிடம் வந்தது. 180க்கும் மேற்பட்ட நாடுகள் பங்கேற்றன. வேட்டி உடுத்திய குதிரையாகிய 'தம்பி' விழாவின் சின்னமாயிற்று. நேப்பியர் பாலம் கருப்பு வெள்ளைக் கட்டங்களைப் பூண்டது. மக்கள் குடும்பத்துடன் சென்று படமெடுத்து மகிழ்ந்தனர். மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்களுக்குச் சதுரங்கப் போட்டிகள் நடத்தப்பெற்றன. இங்கு மக்கள் வெறும் பார்வையாளராக நிற்கவில்லை, விருந்தளிப்போராயினர். பெருமிதத்தின் வேர் அதுவே.

மனக்குறை

தீவுத்திடலைச் சுற்றிய பொதுச்சாலைகளில் நடைபெறவிருந்த பார்முலா 4 கார்ப்பந்தயத்தின் கதை வேறு. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் சென்னையை வெள்ளக்காடாக்கியமையால் அது தள்ளிவைக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பெற்றது. சாலைகள் அடைபடுதல், மருத்துவமனைகளுக்கு அருகே எழும் பேரொலி, அரசுப்பணம் செலவாதல் ஆகியன எதிர்ப்பாளர் எடுத்துரைத்த காரணங்கள். நிபந்தனைகளுடன் இசைவு பெற்று, 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் இரவுப் பந்தயமாக அது நிகழ்ந்தது. இளைஞர் பலர் ஆர்வத்துடன் திரண்டனர். எனினும், வீட்டில் வெள்ளம் வடியாத நாள்களை மறவாதவர்க்குப் பந்தயச் செலவு உறுத்தியதில் வியப்பில்லை. அவரை விளையாட்டின் பகைவர் எனல் பொருந்தாது.

உலகம் தரும் படிப்பினை

1976ஆம் ஆண்டு ஒலிம்பிக்கை நடத்திய மாண்ட்ரியல் நகரம் அதனால் விளைந்த கடனைத் தீர்க்க 2006 வரை காத்திருக்க நேர்ந்தது. அன்று பிறந்த குழந்தை முப்பது வயதை எட்டிய காலம் அது! அதே ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக் அமெரிக்காவின் டென்வர் நகருக்கு அளிக்கப்பட்டிருந்தது. அதற்கு அரசுப்பணம் செலவிடக் கூடாதெனக் கொலராடோ மக்கள் 1972இல் வாக்களித்தனர். விழா ஆஸ்திரியாவின் இன்சுபுரூக் நகருக்குச் சென்றது. ஒரு நகர் கேட்டறிந்தது, மற்றொன்று பட்டறிந்தது.

நமது பங்கு

லால்பேட்டையில் வாழும் நமக்கு இதனால் யாது எனச் சிலர் வினவலாம். நம் வீராணம் ஏரியின் நீர் 2004 முதல் சென்னைக்குச் செல்கின்றது. தலைநகர் விருந்தோம்பும்போது, விருந்தினர் பருகும் நீரில் நம் கழனிகளுக்குரிய ஏரியும் பங்கு கொள்கின்றது. செலவாகும் பணத்திலோ வரி செலுத்தும் அனைவர்க்கும் பங்குண்டு. எனவே கேட்கும் உரிமையும் நமக்குண்டு.

முடிவுரை

2036ஆம் ஆண்டு ஒலிம்பிக்கை நடத்தும் விருப்பத்தை இந்தியா 2024இல் முறைப்படி தெரிவித்தது. அத்தகைய விழாவை வரவேற்குமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. செலவை ஏற்பவர் யார்? இடம்பெயர்க்கப்படுவோர்க்கு மாற்று என்ன? விழா முடிந்தபின் அத்திடலில் நம் பிள்ளைகள் விளையாட இயலுமா? விருந்தோம்பல் தமிழர் பண்பு. ஆயினும் வீட்டாரைக் கலந்து அழைக்கும் விருந்தே இருதரப்பிற்கும் இனிக்கும்.