ஒரு புள்ளி

பதினொருவர் கூடி ஆடும் ஆட்டம் காற்பந்து. ஒருவர் எத்துணைத் திறம் வாய்ந்தவராயினும், ஏனைப் பதின்மரின் துணையின்றி அவர் ஒரு கோல் போடுதலும் அரிது. பந்தை ஒருவர் தடுப்பார். மற்றொருவர் உருட்டிச் செல்வார். வேறொருவர் எதிரியை விலக்கி வழியமைப்பார். இன்னொருவர் வலைக்குள் செலுத்துவார். புகழ் இறுதியில் உதைத்தவரைச் சாரினும், உழைப்பு அனைவர்க்கும் உரியது. இவ்வுண்மையைக் கோவை மாநகரம் 2019ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 9ஆம் நாள் மாலையில் கண்கூடாகக் கண்டது.

கோவையின் வடபால் சத்தியமங்கலம் சாலையில் அமைந்துள்ளது கணபதி. அங்கிருந்து காந்திபுரம் வழியாகத் தெற்கே வந்தால், வ.உ.சி. பூங்காவை அடுத்து நேரு விளையாட்டரங்கத்தைக் காணலாம். பஞ்சாலைகளாலும், வார்ப்படத் தொழிற்சாலைகளாலும், நீர் இறைக்கும் பொறிகளாலும் பெயர் பெற்றது இந்நகரம். கொல்கத்தாவும் கோவாவும் போலக் காற்பந்தால் பெயர் பெற்றதன்று. எனினும், சென்னை சிட்டி காற்பந்துக் கழகம் 2018-19ஆம் ஆண்டுப் பருவத்தில் இவ்வரங்கத்தையே தன் தாயகமாகக் கொண்டது. பெயர் சென்னையினுடையது, ஆரவாரித்து ஊக்கிய குரலோ கொங்கு நாட்டினுடையது.

இந்தியக் கழகங்கள் பொருதும் ஐ-லீக் என்னும் தொடரில், இக்கழகம் 2016-17ஆம் பருவத்தில்தான் முதன்முதலாக இடம் பெற்றது. முதலிரு பருவங்களிலும் பட்டியலின் கீழ்ப்பகுதியிலேயே அது நின்றது. ஆதலின், மூன்றாம் பருவத்தில் அது முதலிடம் பெறும் என எண்ணியவர் மிகச் சிலரே.

அப்பருவத்தில் பதினொரு கழகங்கள் போட்டியிட்டன. ஒவ்வொரு கழகமும் ஏனைய பத்துடன், தன் ஊரில் ஒருமுறையும் அவர் ஊரில் ஒருமுறையுமாக இருமுறை மோதும். ஆகவே, ஒரு கழகத்திற்கு 20 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி. சமநிலைக்கு 1 புள்ளி. தோல்விக்குப் புள்ளி இல்லை. ஒருநாள் வீரம் இங்குப் போதாது. திங்கள் பல கடந்தும் தளராத உறுதி வேண்டும். காசுமீரத்தின் குளிரிலும், மணிப்பூர், மிசோரம் ஆகிய மலைநாடுகளிலும், கொல்கத்தாவின் பெருங்கூட்டத்தின் நடுவிலும் சென்று ஆடுதல் வேண்டும்.

சென்னை சிட்டியின் பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சார்ந்த அக்பர் நவாசு. அவர் கீழ்ப் பல நாட்டவரும் பல மொழியினரும் ஓரணியாயினர். உருகுவே நாட்டில் பிறந்த பெத்ரோ மான்சி முன்வரிசையில் நின்றார். ஸ்பெயினிலிருந்து வந்த நெஸ்டர், சாண்ட்ரோ முதலியோர் நடுக்களத்தை ஆண்டனர். எட்வின், அசித்குமார் முதலிய தமிழ்நாட்டு இளைஞர்கள் அவர்களோடு தோள் சேர்த்து ஆடினர். 2018ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் நடந்த முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோசு அணியை 4-1 எனக் கோவையில் வென்றனர். மான்சி அப்பருவம் முழுவதும் 21 கோல்கள் போட்டார்.

பத்தொன்பது ஆட்டங்கள் முடிந்தன. சென்னை சிட்டி 40 புள்ளிகளுடன் முன்னின்றது. கொல்கத்தாவின் புகழ்மிக்க ஈசுட்டு பெங்கால் கழகமோ 39 புள்ளிகளுடன் ஓரடி பின்னே நின்றது. எஞ்சியது ஒரே ஆட்டம். கோவையில் சென்னை சிட்டி, முந்திய ஆண்டின் வாகையரான மினர்வா பஞ்சாபை எதிர்த்தது. அதே வேளையில் ஈசுட்டு பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளக் கழகத்தை எதிர்த்தது.

ஆட்டம் தொடங்கிய மூன்றாம் நிமிடத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டது. அரங்கம் திகைத்தது. இடைவேளை வரையில் அக்கடன் தீரவில்லை. கோழிக்கோட்டில் அதுவரை இருபாலும் கோல் இல்லை. அந்நிலையே நீடித்திருப்பின் இரு கழகங்களும் 40 புள்ளிகளுடன் சமமாக நின்றிருக்கும். பருவம் முழுதும் பாடுபட்டுப் பெற்ற முதன்மை, இவ்வாறு நாற்பத்தைந்து நிமிடங்களில் கைநழுவத் தொடங்கிற்று.

ஆயினும், ஆட்டக்காரர் மனங்கலங்கவில்லை. 56ஆம் நிமிடத்தில் கிடைத்த பெனால்டி வாய்ப்பை மான்சி கோலாக்கினார். பின்னர், காப்பு வரிசையில் ஆடும் கௌரவ் போரா முன்னேறி வந்து இரண்டாம் கோலைப் போட்டார். கோழிக்கோட்டிலோ, முதலில் பின்தங்கிய ஈசுட்டு பெங்கால் மீண்டெழுந்து 2-1 என முந்தியது. இனி, மினர்வா ஒரு கோல் போட்டுவிடின் சென்னை சிட்டிக்கு 41 புள்ளி. ஈசுட்டு பெங்காலுக்கு 42. வாகை கொல்கத்தாவுக்குச் சென்றுவிடும். ஒவ்வொரு நொடியும் ஒரு யுகமாய்க் கழிந்தது. உரிய நேரம் முடிந்து கூடுதல் நிமிடங்கள் ஓடுகையில், போராவே மீண்டும் ஒரு கோல் போட்டார். 3-1! கோவை அரங்கம் அதிர்ந்தது. சென்னை சிட்டி 43. ஈசுட்டு பெங்கால் 42. ஐ-லீக் கோப்பையை வென்ற முதல் தமிழ்நாட்டுக் கழகம் என்னும் பெருமை அதற்கு உரியதாயிற்று.

கோல் போடுவதையே தொழிலாகக் கொண்டவர் மான்சி. ஆனால் அன்று அணியைக் கரையேற்றிய இரு கோல்களும் கோல் தடுப்பதைத் தொழிலாகக் கொண்டவரிடமிருந்து வந்தன. தன் கடமை இதுவென்று மட்டும் ஒதுங்கி நில்லாமல், வேண்டிய இடத்தில் வேண்டிய பொழுதில் தோள் கொடுப்பதே கூட்டுறவின் உயிர்நிலை.

மற்றொன்றும் இங்கு எண்ணத்தக்கது. அவ்வெற்றிக்குப் பின் வந்த ஆண்டுகளில் வீரர் பலர் வேறு கழகங்களுக்குச் சென்றனர். 2021-22ஆம் பருவம் முதல் சென்னை சிட்டி ஐ-லீக்கில் இடம்பெறவில்லை. விளைந்த வயலும், உழவும் நீரும் நின்றுவிடின் கரம்பாகும். கோப்பையை வெல்வது ஒருநாட் செயல்; வென்ற கழகத்தைக் காப்பது நாடோறும் செய்யவேண்டிய செயல். ஆடுவோர் மட்டுமன்றி, ஆதரிப்போரும் நடத்துவோரும் சேர்ந்தே அதனைச் செய்தல் வேண்டும்.

எனினும், அம்மாலையில் பெற்ற வெற்றி பொய்யாகிவிடாது. அக்டோபரில் பெற்ற ஒரு வெற்றியோ, தோல்வியைத் தவிர்த்துப் பெற்ற ஒரு சமநிலையோ குறைந்திருப்பின் அந்த 43 ஆகியிராது. சிறிதென்று நாம் தள்ளும் ஒருநாள் உழைப்பு, ஆண்டின் இறுதியில் நம்மை முதல்வராக்கும் அந்த ஒரு புள்ளியாகவும் இருத்தல் கூடும். மாணவர் இதனை உளங்கொள்வாராக.