கைத்தொலைபேசியில் முளைக்கும் களை

கமக்காரர்களே!

கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களில் நெல்லோடு நெல்லாக முளைக்கும் புல்லொன்றை நீங்கள் அறிவீர்கள். எட்டி நின்று நோக்கின் அதுவும் நெற்பயிராகவே தோன்றும். இலை தண்டோடு சேரும் இடத்தைப் பிரித்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும்: நெல்லுக்கு அங்கே மெல்லிய சவ்வு உண்டு; அப்புல்லுக்கு இல்லை. கைத்தொலைபேசிக்கு வரும் வஞ்சகச் செய்தியையும் இவ்வாறே, பார்க்க வேண்டிய இடத்திற் பார்த்து அறிதல் வேண்டும்.

வஞ்சகர் நாம் நம்பும் பெயர்களையே பூண்டு வருவர். 2024ஆம் ஆண்டில் இலங்கை அஞ்சல் திணைக்களத்தின் பெயரால் போலிக் குறுஞ்செய்திகள் பரவின. பொதி வந்துள்ளது, சிறு கட்டணம் செலுத்துக என்று கூறி, வங்கி அட்டை விபரங்களைக் கவர்வதே அவற்றின் நோக்கம்.

பசளை மானியத்தின் பெயராலும் இச்சூழ்ச்சி வரக்கூடும். 2024/25 காலபோகத்தில் நெற்செய்கைக்கு ஹெக்டயருக்கு 25,000 ரூபா வீதம், 2 ஹெக்டயர் வரை, மானியம் கமக்காரரின் வங்கிக் கணக்குக்கே வழங்கப்பட்டது. மரக்கறிக்கு முற்பணம் அனுப்புவதாகக் கூறித் தோட்டக்காரரை ஏமாற்ற முயல்வோரும் இருக்கலாம்.

சோதிக்கும் முறை:

1. பணம் பெறுவதற்குக் கணக்கிலக்கம் போதும். அட்டையின் இரகசிய இலக்கமும், ஓ.டி.பி. என்னும் ஒருமுறை இலக்கமும் பணத்தை வெளியே விடும் மதகின் திறவுகோல்கள். அவற்றைச் சொல்லும்படி கேட்பவர் வங்கி அதிகாரி என்று கூறினும் கொடாதீர்கள்.

2. அரசாங்க இணையத்தளத்தின் பெயர் பெரும்பாலும் 'ஜீ.ஓ.வீ. புள்ளி எல்.கே.' என முடியும். அவ்வெழுத்துகள் நடுவில் நின்று வேறொரு பெயரில் முடியுமாயின், அது களையே.

3. "இன்றே செய்யாவிடின் மானியம் இரத்தாகும்" என அவசரப்படுத்தும் செய்தியை ஐயுறுங்கள். அதிலுள்ள இணைப்பைத் தொடாது, கமநல சேவை நிலையத்தில் நேரிற் கேட்டறியுங்கள்.

இலக்கத்தைக் கொடுத்துவிட்டீர்களாயின் விடியும்வரை காத்திராதீர்கள். உடனே வங்கியை அழைத்து அட்டையை நிறுத்துவியுங்கள். கணினிப் பாதுகாப்புக்கென 2006இல் நிறுவப்பட்ட இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101 என்னும் இலக்கத்தில் அறிவியுங்கள், பொலிசிலும் முறையிடுங்கள்.

வெட்கத்தால் மறைத்தல் ஆகாது. தம் வயலிற் கண்ட பூச்சியை அயலவருக்கு உரைப்பவர் ஊரின் விளைவையே காக்கின்றார். இதுவும் அத்தகையதே. விதைப்புச் செலவுக்கென வைத்த பணம் ஒரு நொடியிற் போய்விடின், அந்தப் போகமே போய்விடும் என்பதை மறவாதீர்கள்.